பிங்யாவ் மதில் நகரம்: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இரண்டு முறை பிங்யாவ் போய்த் தங்கியிருக்கிறேன். ஒரு முறை அக்டோபர் கடைசியில், இன்னொரு முறை ஏப்ரலில். படங்களைப் பார்த்த நண்பர்களும், அவர்களிடம் கேள்விப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

பிங்யாவ் எங்கே இருக்கிறது? அங்கே என்ன விசேஷம்?

வட சீனாவில் ஷான்சி மாகாணத்தில், அதன் தலைநகர் தைய்யுவானுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். பக்கத்து மாகாணத்தின் பெயரும் காதுக்குக் கிட்டத்தட்ட ஷான்சி என்றேதான் கேட்கும். சியான் நகரமும் மண் வீரர் சிலைகளும் இருப்பது அந்த இன்னொரு ஷான்சியில். டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விசேஷம் என்னவென்றால், மதில் முழுச் சுற்றாக நிற்கிறது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு உள்ளே இருக்கும் இரண்டேகால் சதுர கிலோமீட்டரில் தெருக்கள் பழைய அமைப்பிலேயே ஓடுகின்றன. மிங், ச்சிங் அரச காலத்து முற்றம் வைத்த வீடுகள் கிட்டத்தட்ட 4,000 இருக்கின்றன. 1997-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஊரோடு சேர்த்து வெளியே உள்ள இரண்டு கோயில்களையும் பட்டியலில் வைத்தது. அந்தக் கோயில்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அவற்றைத் தவறவிடக் கூடாது.

இன்றும் இதற்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். பெரிய தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளிப் போனால் கொடியில் துணி காயும், வாசலில் முட்டைக்கோசு அடுக்கியிருக்கும், தாத்தாக்கள் சதுரங்கப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

சியான் மதிலைப் பார்த்தாயிற்று. இதையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். இரண்டு மதில்களும் இப்போதைய வடிவத்தில் கட்டப்படத் தொடங்கியது 1370-ல்தான், மிங் வம்சம் ஆட்சிக்கு வந்து இரண்டே ஆண்டுகளில். சியான் மதில் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். மேலே சைக்கிள் ஓட்டலாம். ஆனால் அதன் மேல் நின்று உள்ளே பார்த்தால் தெரிவது மாடிக் கட்டடங்களும் போக்குவரத்து நெரிசலும்தான். பிங்யாவ் மதிலில் நின்று பார்த்தால் சாம்பல் நிற ஓட்டுக் கூரைகள் கண்ணுக்கு எட்டியவரை தெரியும். மதிலும் அது காத்த ஊரும் ஒன்றாகப் பிழைத்திருப்பது இங்கேதான்.

இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பித்தது?

இதைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் வேறு மாதிரி தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் சீனாவின் பணம் இந்தச் சின்ன ஊர் வழியாகத்தான் ஓடியது. அந்தக் காலத்தில் ஒரு வியாபாரி பெய்ஜிங்கில் சம்பாதித்த வெள்ளியை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால், சண்டை தெரிந்த காவல்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி வண்டியில்தான் அனுப்ப வேண்டும். வழியெல்லாம் கொள்ளையர். பிங்யாவில் ஒரு சாயக் கடை இருந்தது. அதற்குப் பெய்ஜிங்கிலும் கிளை இருந்தது. தெரிந்தவர்கள் பெய்ஜிங் கிளையில் வெள்ளியைக் கட்டிவிட்டு, ஒரு கடிதத்தைக் காட்டி பிங்யாவில் வாங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். இதையே தனித் தொழிலாக்கலாம் என்று கண்டுகொண்டவர் அந்தக் கடையின் நிர்வாகி லெய் லூதாய். முதலாளியான லீ குடும்பத்தின் பணத்தில், 1823 வாக்கில் ரீஷெங்சாங் என்ற நிறுவனம் பிறந்தது. அது கொடுத்தது, ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் சீட்டு; நம் வணிகர்கள் உண்டியல் என்று சொன்ன அதே வகைதான். சீட்டுக் கடை என்று பொருள்படும்படி சீனர்கள் இதைப் பியாவ்ஹாவ் என்றார்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று பிங்யாவிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இத்தகைய கடைகள் பெருகின. அந்தப் பணத்தில் எழுந்தவைதான் இன்று நாம் வியந்து பார்க்கும் வீடுகள்.

அப்புறம் நவீன வங்கிகள் வந்தன. 1911 புரட்சியில் அரசு கவிழ்ந்தது, கொடுத்த கடன்கள் திரும்பவில்லை, போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டார்கள். 1914-ல் ரீஷெங்சாங் திவாலானது. ஊரில் காசு இல்லாமல் போனது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதி இல்லை. ஷான்சியில் எத்தனையோ ஊர்களில் மதிலை இடித்துச் சாலை போட்டபோது, பிங்யாவில் அதைச் செய்யவும் பணமில்லை.

1980 வாக்கில் பணம் வந்தது, ஆபத்தும் கூடவே வந்தது. பழைய ஊருக்கு நடுவே அகலமான சாலை போடும் திட்டம் ஒன்று தயாராகி, சில வீடுகள் இடிபடவும் தொடங்கிவிட்டன. ஷாங்காயில் உள்ள தொங்ஜி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ருவான் யீசான் மாணவர்களோடு வந்து, பழைய ஊரை அப்படியே விட்டுவிட்டுப் புதிய ஊரை மதிலுக்கு வெளியே கட்டலாம் என்று மாற்றுத் திட்டம் வரைந்து கொடுத்து, அதிகாரிகளிடம் வாதாடி ஏற்கச் செய்தார். கத்திக்குக் கீழே இருந்த ஊரை மீட்டவர் என்றுதான் சீனாவில் அவரைச் சொல்வார்கள். அந்த ஒரு மனிதர் வரைந்த திட்டம் இல்லையென்றால் இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்க முடியாது.

விசா வேண்டுமா?

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தும், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படியும் 30 நாள்வரை விசா இல்லாமலே போகலாம். விண்ணப்ப விதிகள் அடிக்கடி மாறுவதால், விமான டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் நாட்டில் உள்ள சீனத் தூதரகத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எப்படிப் போவது?

பெய்ஜிங் அல்லது சியான் வரை விமானம், அங்கிருந்து புல்லட் ரயில். சியானிலிருந்து சுமார் மூன்று மணி நேரம், பெய்ஜிங்கிலிருந்து சுமார் நான்கு மணி நேரம். தைய்யுவானிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஒரே பயணத்தில் பெய்ஜிங்கில் இறங்கி, பிங்யாவில் தங்கி, சியான் வழியாகத் திரும்புவதுதான் எனக்குப் பிடித்த வழி. வந்த பாதையிலேயே திரும்ப வேண்டியதில்லை.

இரண்டு ரயில் நிலையம் காட்டுகிறதே, எதில் இறங்குவது?

பெயர்தான் இங்கே ஏமாற்றும். "பிங்யாவ் குச்செங்" என்பது புல்லட் ரயில் நிலையம். குச்செங் என்றால் பழைய நகரம் என்று பொருள். ஆனால் அது மதிலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவே இருக்கிறது. வெறும் "பிங்யாவ்" என்பது பழைய நிலையம், சாதாரண ரயில்கள் நிற்பது. மதிலுக்கு நடந்தே வந்துவிடலாம்.

முதல் முறை நான் பெயரை நம்பி, இறங்கியதும் மதில் தெரியும் என்று நினைத்து, இரவு ஒன்பது மணிக்குப் புல்லட் ரயிலில் வந்து இறங்கினேன். வெளியே இருட்டு, குளிர், பேருந்தும் போய்விட்டது. அரை மணி நேரம் காத்திருந்து ஒரு டாக்சி கிடைத்தது. நீங்கள் பகலில் வந்து சேருகிற மாதிரி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில்தான் வர முடியுமென்றால் விடுதிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், ஆளை அனுப்புவார்கள். மதிலுக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. டாக்சி வாசலில் இறக்கிவிடும், அங்கிருந்து மின்வண்டியிலோ நடந்தோ போக வேண்டும்.

ரயில் டிக்கெட்டை எப்போது எடுப்பது?

பயணத்துக்கு 15 நாள் முன்பு விற்பனை திறக்கும். 12306 என்ற அரசு ரயில்வே ஆப்பில் ஆங்கிலமும் உண்டு. பாஸ்போர்ட் எண்ணை அதில் பதிய வேண்டும், அந்த பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கி வாயில் சில நேரம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் படிக்காது. ஓரத்தில் ஊழியர் இருக்கும் வழியில் போய்க் காட்டினால் விட்டுவிடுவார்.

ஊருக்குள் நுழையக் கட்டணம் உண்டா?

தெருவில் நடக்க, சாப்பிட, தங்க எதற்கும் இல்லை. மதில் மேல் ஏறவும், பழைய வங்கிகள், ஆட்சியர் அலுவலகம், கோயில்கள் என இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குள் போகவும் ஒரே கூட்டுச் சீட்டு. பல ஆண்டுகளாக அது 125 யுவான், மூன்று நாள் செல்லும். நான் போனபோதும் அதுதான். தனித்தனி இடத்துக்குத் தனிச் சீட்டு கிடையாது. பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எத்தனை நாள் போதும்? காலையில் வந்து மாலையில் போய்விடலாமா?

வரலாம். ஆனால் அப்படி வருகிறவர்கள் பார்ப்பது கூட்டத்தைத்தான். பத்து மணியிலிருந்து மாலை வரை தெற்குத் தெருவில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். ஒலிபெருக்கி வைத்த வழிகாட்டிகள், மாட்டிறைச்சிக் கடைக்காரர்களின் கூவல், வாடகைக்குப் பட்டுடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இளம்பெண்கள். பகல் பயணிகள் பலர் "எல்லாம் கடைதான்" என்று சலித்துக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

இரண்டு இரவு மதிலுக்குள் தங்குங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்லும் ஒரே கட்டாயமான விஷயம் இதுதான். காலை ஆறரை மணிக்கு அதே தெற்குத் தெருவில் நீங்களும் ஒரு துப்புரவுப் பணியாளரும் மட்டும் இருப்பீர்கள். பலகைக் கதவுகள் மூடியிருக்கும். தெருவின் குறுக்கே நிற்கும் சந்தைக் கோபுரத்தின் அடியில் போகும்போது உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே திரும்பக் கேட்கும். 18 மீட்டர் உயரம்தான், ஆனால் சுற்றிலும் ஒற்றை மாடி வீடுகள் என்பதால் வானத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு சந்தில் நிலக்கரி அடுப்பில் சோளக் கஞ்சி கொதிக்கும். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் இரண்டாவது முறை போனேன்.

எந்த மாதிரி விடுதி?

பழைய முற்ற வீடுகளையே விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதில் ஒன்றை எடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை ஏற்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். காவல்துறைப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள்.

அறையில் காங் என்ற கட்டில் இருக்கும். செங்கல் திண்ணை மாதிரி, சுவருக்குச் சுவர் அகலமாக இருக்கும். முன்பெல்லாம் உள்ளே அடுப்புப் புகையை விட்டுச் சூடேற்றுவார்கள். இப்போது பெரும்பாலும் மின்சாரம். மெத்தை மெலிதாக இருக்கும், முதுகுவலி உள்ளவர்கள் கூடுதல் மெத்தை கேளுங்கள், தருவார்கள்.

வீட்டின் கூரையையும் கவனியுங்கள். பக்கத்து அறைகளின் கூரை இரு பக்கமும் சரியாமல் முற்றத்தை நோக்கி மட்டும் சரியும். வெளிப்பக்கம் ஜன்னலே இல்லாத உயரமான சுவர். தன் வீட்டு நீர் அடுத்தவன் வயலுக்குப் பாயக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கு. மழை நீர் என்றால் செல்வம், அது வீட்டுக்குள்ளேயே விழ வேண்டும். கூடவே வேறு பயனும் இருந்தது: வீட்டு ஆண்கள் வியாபாரத்துக்காக ஆண்டுக்கணக்கில் வெளியூரில் இருக்கும்போது, திருடன் ஏற முடியாத சுவர் வேண்டுமில்லையா?

மதிலை முழுதாகச் சுற்றி நடக்க முடியுமா?

பழுதுபார்ப்பைப் பொறுத்து சில பகுதிகளை அடைத்து வைப்பார்கள். எது திறந்திருக்கிறதென்று ஏறும் இடத்திலேயே கேளுங்கள். 2021 அக்டோபரில் ஷான்சியில் விடாமல் கொட்டிய மழையில் சுமார் 25 மீட்டர் நீளத்துக்கு மதில் சரிந்தது. வெளியே செங்கல், உள்ளே வெறும் இடித்துக் கெட்டித்த மண். உள்ளே நீர் இறங்கினால் மண் ஊறிப் பிதுங்கிவிடும். வட சீனாவில் மழை குறைவு என்பதால்தான் இவ்வளவு காலம் நின்றிருக்கிறது. ஓரத்தில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள்.

உயரம் சுமார் 12 மீட்டர். மேலே 72 காவல் மாடங்கள், 3,000 வில்லாளர் மறைப்புகள். கன்பூசியஸுக்கு 3,000 மாணவர்கள், அவர்களில் தேர்ந்தவர்கள் 72 பேர் என்ற கணக்கை வைத்து இதைச் சொல்வார்கள்.

இந்த ஊரை ஆமை என்றும் சொல்வார்கள். தெற்கு வாசல் தலை, அதற்கு வெளியே உள்ள இரண்டு கிணறுகள் கண்கள். வடக்கு வாசல் வால். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டு வாசல்கள், அவை நான்கு கால்கள். ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் ஒரு அடைப்பு உண்டு. எதிரி முதல் கதவைத் தாண்டினால் நான்கு பக்கச் சுவருக்குள் மாட்டிக்கொள்வான். கால்களாகச் சொல்லப்படும் வாசல்களில் மூன்றின் வெளிக்கதவு தெற்கே திரும்பியிருக்கும், ஆமை காலை மடக்கி நகர்வது போல. நான்காவது மட்டும் நேராகக் கிழக்கே நீண்டிருக்கும். ஆமை ஓடிவிடக் கூடாதென்று அந்தக் காலைத் தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தோடு கயிற்றால் கட்டிவிட்டார்களாம். மேலே நின்று பார்த்தபோது இந்தக் கதை எனக்கு வரைபடத்தைவிட உதவியது.

வாசலுக்குக் கீழே நடக்கும்போது தரைக் கற்களைப் பாருங்கள். வண்டிச் சக்கரங்கள் அரைத்த பள்ளம், விரல் நுழையும் ஆழத்துக்கு, இரண்டு கோடாக ஓடும்.

இருபது இடங்களையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், மூன்றாவது இடத்தில் சலித்துவிடும். மேற்குத் தெருவில் உள்ள ரீஷெங்சாங்கை நிதானமாகப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்தையும், கன்பூசியஸ் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்பூசியஸ் கோயிலின் முதன்மை மண்டபம் 1163-ல் கட்டியது, மதிலின் இப்போதைய வடிவத்தைவிட 200 ஆண்டு மூத்தது. நிலத்தடியில் வெள்ளியைப் பூட்டி வைத்த அறையைப் பார்க்க விரும்பினால் ஷியேதொங்ச்சிங் என்ற இன்னொரு சீட்டுக் கடைக்குப் போங்கள். மற்றவற்றுக்கு வழியில் கதவு திறந்திருந்தால் நுழையுங்கள், போதும்.

ரீஷெங்சாங்கில் என்ன பார்ப்பது? எனக்குச் சீனம் தெரியாதே.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மளிகைக் கடை மாதிரி இருக்கும். இரு பக்கமும் மரக் கல்லா, மேலே "பணம் உலகெங்கும் செல்லும்" என்ற பொருளில் ஒரு பலகை. உள்ளே முற்றம் முற்றமாகப் போகும்.

சீட்டில் கள்ளத்தனம் நடக்காமல் எப்படிக் காத்தார்கள் என்பதைத் தேடிப் பாருங்கள். குறிப்பிட்ட ஆளின் கையெழுத்தில்தான் சீட்டு இருக்கும், அந்தக் கையெழுத்து எல்லாக் கிளைகளுக்கும் தெரியும். தேதியையும் தொகையையும் எண்ணில் எழுத மாட்டார்கள், அதற்கு ஒரு பாட்டு. 12 மாதங்களுக்கு 12 எழுத்து கொண்ட ஒரு வாக்கியம்: பொய்ச் சீட்டுக் காட்டிப் பணம் பறிப்பவனிடம் எச்சரிக்கை, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே. முதல் எழுத்து முதல் மாதம், இரண்டாவது எழுத்து இரண்டாம் மாதம். நாளுக்கும் தொகைக்கும் வேறு பாட்டுகள். அவ்வப்போது பாட்டை மாற்றிவிடுவார்கள். ரகசியக் குறியீட்டுக்குள்ளேயே ஊழியனுக்கான அறிவுரையையும் வைத்த அந்த மனதை நினைத்து நான் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன் வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்றும் உண்டு. முதல் போட்டவர்களுக்குப் பங்கு இருந்தது போல, உழைப்பவர்களுக்கும் பங்கு இருந்தது. காசு போடாமலே, நல்ல வேலைக்காக நிர்வாகியும் மூத்த ஊழியர்களும் லாபத்தில் பங்கு பெற்றார்கள். பதின்வயதில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் படிப்படியாக அந்தப் பங்கை எட்டலாம். அப்புறம் வேலையாட்கள் தூங்கிய அறையையும், மேலாளர் அறையையும், சமையலறையையும் பார்க்கும்போது அந்த ஏணி கண்ணுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே உள்ள கோயில்களுக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

ஒதுக்குங்கள். ஷுவாங்லின் கோயில் தென்மேற்கே சுமார் ஆறு கிலோமீட்டர். சைக்கிளிலேயே போகலாம். மண்ணால் செய்து வண்ணம் தீட்டிய சிலைகள், 2,000-க்கும் மேல் செய்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை மிங் காலத்தவை. ஒரு மண்டபத்தில் வெய்துவோ என்ற காவல் தெய்வம் நிற்கிறது. கால்கள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று உடம்பே முறுக்கிய வில் மாதிரி இருக்கும். அடுத்த நொடி திரும்பிவிடுவார் என்று தோன்றும். அர்ஹத் மண்டபத்தில் அர்ஹத் எனப்படும் புத்தரின் 18 சீடர்கள். அவர்களில் ஒருவரை ஊமை என்கிறார்கள். உதடு இறுகி, கண் பிதுங்கி, சொல்ல வந்தது தொண்டையில் நிற்கும் முகம். ஒரு கைப்பிடி மண்ணில் இதைச் செய்தவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள்.

ஜென்குவோ கோயில் வடகிழக்கே, கொஞ்சம் தூரம். யாரும் போவதில்லை. அதன் பத்தாயிரம் புத்தர் மண்டபம் 963-ல் மரத்தால் கட்டியது. சிறிய மண்டபம்தான், ஆனால் தூண்களுக்கு மேல் அடுக்கடுக்காக வைத்த மரத் தாங்கிகள் சுவரின் உயரத்தில் கணிசமான பங்குக்கு வந்து, அகலமான கூரையைத் தூக்கிப் பிடித்திருக்கும். டாக்சி ஒன்றை அரை நாளுக்குப் பேசிக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கவலை வேண்டாம், ஷான்சி மாவுப் பண்டங்களின் நாடு. காவ்லாவ்லாவ் என்று ஒன்று கிடைக்கும். ஓட்ஸ் மாவைச் சின்னக் குழல்களாகச் சுருட்டி, மூங்கில் தட்டில் தேன்கூடு போல நிற்க வைத்து ஆவியில் வேக வைப்பார்கள். தக்காளிக் குழம்பிலோ வினிகரிலோ தொட்டுச் சாப்பிடலாம். நமக்கு இடியாப்பத் தட்டு நினைவு வரும். கத்தியால் சீவி நேரே கொதிநீரில் விழவிடும் நூடுல்ஸும் பிரமாதம். ஆனால் அதன் சாறு பெரும்பாலும் இறைச்சியில் செய்வது. இறைச்சி, மீன், எலும்புச் சாறு மூன்றும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய வாக்கியத்தைப் போனில் வைத்துக் காட்டுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாறைத் தருவார்கள். முட்டை வேண்டாம் என்றால் அதையும் தனியாக எழுதுங்கள்.

மேசையில் இருக்கும் கறுப்பு வினிகரைத் தயங்காமல் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் பழகவிட்ட ஷான்சி வினிகர், சீனா முழுக்கப் பெயர் பெற்றது. புளி இல்லாத குறையே தெரியாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பிட்டு வேகவைத்து ஆறவைத்து, மெல்லியதாக அரிந்து தரும் பிங்யாவ் மாட்டிறைச்சி உண்டு. ஊரின் பெயரே அதில்தான் பரவியிருக்கிறது.

பணம், போன், மொழி?

தெருவோர வண்டிக்காரர்கூட கியூஆர் குறியீட்டைத்தான் நீட்டுவார். அலிபே அல்லது வீசாட் ஆப்பில் உங்கள் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலிருந்தே இணைத்து, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துவிடுங்கள். வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க மறக்காதீர்கள். ஒரு முறை செலுத்துவது 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கூடுதல் பிடிப்பார்கள். நூறு, இருநூறு யுவான் சில்லறை நோட்டாகவும் வைத்திருங்கள்.

கூகுள், வாட்ஸ்ஆப் எதுவும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கில் திறக்கும். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீனத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் முகவரியைச் சீன எழுத்தில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிங்யாவில் ஆங்கிலம் மிகக் குறைவு, பொறுமை மிக அதிகம்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் பிற்பாதி. வசந்தத்தில் தூசிக் காற்று அடிக்கும். குளிர்காலத்தில் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்கும். ஆனால் சீனப் புத்தாண்டை ஒட்டி ஊர் முழுக்கச் சிவப்பு விளக்கு. அக்டோபர் 1 முதல் 7 வரையும், மே தின விடுமுறையிலும் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். செப்டம்பரில் 2001 முதல் நடக்கும் புகைப்படத் திருவிழா ஊரின் பழைய கிடங்குகளையும் ஆலைகளையும் கண்காட்சிக் கூடமாக்கிவிடும். படம் எடுப்பவர்கள் அந்த வாரத்தைப் பாருங்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம். தெரு சமதளம், மின்வண்டி இருக்கிறது. கல் தரை மேடுபள்ளமாக இருக்கும், ஒவ்வொரு வாசலிலும் முழங்கால் உயர மரப்படி வரும். படியை மிதிக்காமல் தாண்டுவதுதான் அங்கே வழக்கம், நம் வீட்டு வாசற்படி மாதிரியே. மதில் ஏறும் படிகள் செங்குத்தானவை. என் அம்மா ஏறவில்லை. கீழே வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியோடு மொழியே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கழிப்பறைகள் பெரும்பாலும் குந்தும் வகை, காகிதம் கையில் இருக்கட்டும்.

என்ன வாங்கி வருவது?

பிங்யாவ் அரக்குப் பெட்டிகள். மரத்தில் இயற்கை அரக்கைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் உள்ளங்கையாலேயே தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். ஒரு பட்டறையில் ஒருவர் தேய்ப்பதைப் பார்த்தேன். அவருடைய உள்ளங்கை ரேகைகளே வழவழத்துப் போயிருந்தன. பெட்டி விலை மிகக் குறைவாக இருந்தால் அது இயந்திர வேலை. விரலால் தொட்டுப் பாருங்கள். கையால் தேய்த்தது கண்ணாடி போலக் குளிர்ந்து வழுக்கும், மற்றது பிளாஸ்டிக் போல ஒட்டும். வினிகர் புட்டி வாங்கினால் விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தால்?

அதே வணிகர்களின் பெரிய மாளிகைகள் பக்கத்தில் உண்டு. ச்சி மாவட்டத்தில் ச்சியாவ் குடும்ப வீடு, லிங்ஷியில் வாங் குடும்ப வீடு. ஒன்றுதான் முடியும் என்றால் வாங் வீட்டைப் பாருங்கள். மலைச் சரிவில் முற்றத்துக்கு மேல் முற்றமாக ஏறிப்போகும் அந்த வீட்டின் கல் செதுக்கல்களுக்கு ஒரு நாள் போதாது. விடுதியிலேயே பகிர்ந்து போகும் வண்டி கேளுங்கள், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ரயிலைப் பிடித்துவிடலாம்.